கருவுற்ற தாயும் உதிரப்போக்கும்: முன்னரே கேட்க வேண்டிய கேள்விகள்

ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் வீட்டில் ஒரே பரபரப்புத்தான். வளைகாப்புக்கு நாள் குறிக்கிறார்கள். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என வகைவகையாகச் சோறு சமைக்கிறார்கள். இரு கைகளிலும் வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, பெரியோர் வாழ்த்திய பின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள். பேறுகாலம் முடியும்வரை அவள் இனி அங்கேதான். புதுச்சேலையும் பலகாரமும் அவளோடு போகின்றன. ஆனால் கட்டாயம் போக வேண்டிய ஒரு பொருள் மட்டும் பலவேளைகளில் கணவன் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. அது அவளுடைய மருத்துவக் குறிப்பேடு.

சிறு அட்டைதானே, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். ஆனால் கர்ப்பகாலத்தின் மிகக் கொடிய உதிரப்போக்குகளில் சில, சரியாக இந்த ஏழாம் மாதத்துக்குப் பின்னர்தான் தலைகாட்டுகின்றன. அவ்வேளையில் பெண் இருப்பது புதிய ஊர். அவளைப் பார்ப்பது புதிய மருத்துவமனை. முதற்பேறு எப்படி நடந்தது, ஸ்கேனில் என்ன கண்டார்கள், இரத்தம் எந்த வகை என்று அங்கே எவருக்கும் தெரியாது. நள்ளிரவில் உதிரத்தோடு வந்து நிற்கும் பெண்ணின் கதையை அறிய மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே.

உதிரப்போக்கு திடீரென வரும் இடிபோன்றது என்று நாம் எண்ணுகிறோம். சிலவேளைகளில் அப்படித்தான் நேருகிறது. எனினும், யாருக்கு அது வரக்கூடும் என்பதைப் பெரும்பாலும் முன்னரே ஓரளவு அறிய முடியும். அந்த அறிகுறிகள் பெண்ணின் பழைய வரலாற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கேட்டறிவதும், எழுதி வைப்பதும், அவளோடு அனுப்பி வைப்பதும் குடும்பத்தாரின் கடமையாகும்.

முதல் மூன்று மாதங்கள்

கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு முதல் மூன்று மாதங்களில் சிறிதளவேனும் உதிரம் தென்படுகிறது. உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. இவ்வாறு உதிரம் கண்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் நலமாகவே குழந்தை பெறுகிறார்கள். ஆயினும், எதனால் வந்தது என்று பார்க்காமல் விட்டுவிடுவது தவறு.

கருச்சிதைவுக்கு முதற்காரணமாகக் குறிக்கத்தக்கது தாயின் வயது. நார்வே நாட்டில் செய்யப்பட்டு 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்று, 25 முதல் 29 வயதுப் பெண்களுக்கு நூற்றில் 10 கருக்கள் சிதைவதையும், 45 வயதைக் கடந்தவர்களுக்கு நூற்றில் 53 சிதைவதையும் காட்டிற்று. நீரிழிவு, தைராய்டுக் கோளாறு, புகைபிடித்தல், முன்பே கரு சிதைந்திருத்தல் ஆகியனவும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

இவ்விடத்தில் நம் வீடுகளில் நடக்கும் ஓர் அநீதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரு சிதைந்ததும் குற்றவாளியைத் தேடத் தொடங்குகிறோம். "பப்பாளி தின்றாயா? மாடிப்படி ஏறினாயா? பேருந்தில் போகாதே என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேனே, கேட்டாயா?" என்று மருமகளைத் துளைத்தெடுக்கிறோம். உண்மையில், முதல் மாதங்களில் சிதையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, கரு உருவாகும்போதே அதன் குரோமோசோம்களில் நேர்ந்த பிழையால் சிதைகின்றன. அதற்குப் படிக்கட்டும் பேருந்தும் பொறுப்பல்ல. தன் குழந்தையை இழந்து தவிக்கும் தாயின் தலையில் பழியையும் சுமத்துவது கொடுமை. அதனால் விளையும் இன்னொரு கேடு, அடுத்த முறை உதிரம் கண்டால் அவள் வாய்திறக்க மாட்டாள் என்பது.

அவள் வாய்திறப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தொடக்க மாதங்களில் உதிரம் கண்ட 4,153 பெண்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு சாராருக்குப் புரோஜெஸ்டரோன் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய பயன் தெரியவில்லை. ஆனால் முன்பு மூன்றோ அதற்கு மேலோ கருச்சிதைவு கண்டவர்களைத் தனியே பார்த்தபோது, மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கும், பெற்றவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்திருந்தது. பழைய இழப்புகளை மருத்துவரிடம் சொன்னால்தானே இத்தகைய மருந்து தனக்கு உதவுமா என்று அறிய முடியும்?

கருக்குழாயில் தங்கும் கரு

முதல் மாதங்களின் பெரும் பகை இதுதான். நூறு கருக்களில் ஒன்றோ இரண்டோ கருப்பைக்கு வராமல் வெளியே, பெரும்பாலும் கருக்குழாயிலேயே தங்கிவிடுகின்றன. கரு வளர வளர மெல்லிய குழாய் வெடித்து, வயிற்றுக்குள்ளேயே இரத்தம் பெருகுகிறது. வெளியே தெரிவது சில துளிகளாகவே இருக்கலாம். அடிவயிற்றின் ஒருபுறத்தில் வலி, தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் குத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள்.

முன்பு ஒருமுறை இவ்வாறு நேர்ந்தவர்கள், கருக்குழாயில் தொற்றோ அறுவையோ கண்டவர்கள், புகைபிடிப்போர், செயற்கைமுறைக் கருத்தரிப்பு செய்துகொண்டோர் ஆகியோர் மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இன்னொரு சாரார் தமக்கு ஆபத்தே இல்லை என்று நம்பியிருக்கின்றனர். அவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். "எனக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே" என்று மாதவிலக்குத் தள்ளிப்போவதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. அவ்வறுவைக்குப் பின் கருவுறுவது மிக அரிது. ஆனால் கருவுற்றால், ஏறத்தாழ மூன்றில் ஒன்று குழாயில் தங்குவதாக அமெரிக்காவில் பல்லாண்டுகள் நடத்தி 1997இல் வெளியிடப்பட்ட ஆய்வு கண்டது. ஆகையால் மாதவிலக்குத் தவறி வயிற்றுவலியும் வந்தால், அவர்களும் அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

நம் குடும்பங்களில் சிலர் இங்கே மனச்சாட்சிக் கலக்கத்தால் தாமதிப்பது உண்டு. குழாயில் தங்கிய குழந்தையைக் காக்க மருத்துவத்தில் வழியில்லை. நோயுற்று வெடிக்கவிருக்கும் குழாயை அகற்றித் தாயின் உயிரைக் காப்பது கருக்கலைப்பு ஆகாது என்றே கத்தோலிக்க ஒழுக்கவியல் அறிஞர்கள் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றனர். ஐயம் இருப்பின் குருவைக் கேளுங்கள். ஆனால் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே கேளுங்கள்.

தொடக்க மாதங்களில் உதிரத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. கரு உருவாகாமல் நஞ்சுக்கொடி மட்டும் திராட்சைக் குலைபோல் பெருகுவதை 'முத்துப்பிள்ளை' என்பர். மிக இளவயதினருக்கும் நாற்பதைக் கடந்தவர்களுக்கும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும்.

ஏழாம் மாதத்துக்குப் பின்

நிறைமாதக் கர்ப்பிணியின் கருப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் பாய்கிறது. உடம்பில் உள்ள இரத்தமோ ஐந்தாறு லிட்டரே. இக்கணக்கை மனத்தில் இருத்தினால், பிற்காலத்து உதிரப்போக்கில் ஒவ்வொரு நிமிடமும் ஏன் பொன்போன்றது என்பது விளங்கும்.

இதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. இரண்டும் நஞ்சுக்கொடியைச் சார்ந்தவை.

முதலாவது, நஞ்சுக்கொடி கருப்பையின் மேற்பகுதியில் பதியாமல் கீழே, வாயிலை மூடிக்கொண்டு பதிந்துவிடுவது. ஏறத்தாழ 200 பேறுகளில் ஒன்றில் இது நேருகிறது. கருப்பையின் கீழ்ப்பகுதி விரியத் தொடங்கும்போது, வலி ஏதுமின்றிச் சிவந்த உதிரம் கொட்டும். வலியில்லாததால் குடும்பத்தார் ஏமாந்துபோகிறார்கள். முதற்போக்கு தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. "நின்றுவிட்டதே" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அடுத்த போக்கு அவ்வாறு நிற்காமல் போகலாம். முன்பு சிசேரியன் ஆனவர்கள், கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யப்பட்டவர்கள், பல பேறு கண்டவர்கள், 35 வயதைக் கடந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், செயற்கைமுறையில் கருத்தரித்தவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கு இது நேரும் வாய்ப்பு அதிகம்.

இந்த நிலையைக் கையாளும் முறையை மாற்றியமைத்தவர் பெல்ஃபாஸ்ட் நகர மருத்துவர் மக்காஃபி. உதிரம் நின்ற தாயை மருத்துவமனையிலேயே வைத்துக் காத்து, குழந்தை முதிர்ச்சியடையும்வரை பொறுத்திருக்கலாம் என்றும், உள்விரல் பரிசோதனை கூடாது என்றும் 1945இல் அவர் எழுதினார். விரல் பட்டால் நஞ்சுக்கொடி கிழிந்து உதிரம் பெருகும் என்பதே காரணம். பின்னர் 1958இல் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் குழுவினர் ஒலியலைகளால் கருப்பையைப் பார்க்கும் முறையை வெளியிட்டனர். அதன் வளர்ச்சியாகவே இன்று ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று எளிதில் கண்டுவிடுகிறார்கள். "நஞ்சு கீழே இருக்கிறது" என்று அப்போது எழுதியிருந்தால் அஞ்சி நடுங்க வேண்டாம். கருப்பை வளரும்போது பெரும்பாலோருக்கு அது மேலேறிவிடும். ஆனால் எட்டாம் மாதத்தில் மறுபடியும் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அதுவரை தாம்பத்திய உறவையும் நெடும்பயணத்தையும் பற்றி மருத்துவரைக் கேட்டு நடப்பது நலம்.

இரண்டாவது, சரியான இடத்தில் பதிந்த நஞ்சுக்கொடியே குழந்தை பிறக்கும் முன் பிரிந்துவிடுவது. ஏறத்தாழ 100 பேறுகளில் ஒன்றில் இது நேருகிறது. இதில் கடும் வலி உண்டு. வயிறு கல்போல் இறுகும். உதிரம் கருமையாக இருக்கும். சிலவேளை உதிரம் முழுவதும் உள்ளேயே தேங்கி, வெளியே ஒரு துளியும் தெரியாது. இதற்குப் பெருங்காரணம் இரத்தக் கொதிப்பு. 140/90 அல்லது அதற்கு மேல் அழுத்தம் உள்ள கர்ப்பிணி, தலைவலி இல்லை, வீக்கம் இல்லை என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. முன்பு ஒருமுறை இவ்வாறு நேர்ந்தவர்களுக்கு மீண்டும் நேரும் வாய்ப்புப் பன்மடங்கு. புகைபிடித்தலும் இதற்கு வழிவகுக்கிறது.

வயிற்றில் அடிபடுதலும் ஒரு காரணமே. இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்தால், அப்போதைக்கு ஒன்றும் தெரியாவிடினும் சில மணி நேரம் கழித்து நஞ்சுக்கொடி பிரியலாம். ஆகவே மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இன்னொரு வகை அடியும் உண்டு. குடித்துவிட்டு வந்த கணவனின் கையால் விழுவது அது. அவள் மருத்துவமனையில் "வழுக்கி விழுந்தேன்" என்பாள். கருவுற்ற மனைவியை அடிப்பவன் இரண்டு உயிர்களின்மேல் கைவைக்கிறான் என்பதை ஆண்கள் அறிய வேண்டும். பக்கத்து வீட்டார் அறிந்தும் பேசாமலிருப்பது நற்பண்பு ஆகாது.

பழைய தழும்பு

நம் மாநிலத்துக்கு இது தனிக்கவலை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 2015-16இல் நூற்றில் 34 பேறுகள் சிசேரியனாக இருந்தன. 2019-21இல் அது நூற்றில் 45ஐ நெருங்கியது. தேவையான வேளையில் சிசேரியன் உயிர்காக்கும் மருத்துவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துக் குழந்தையை எடுக்கச் சொல்லும் குடும்பங்கள் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். ஒவ்வோர் அறுவையும் கருப்பையில் ஒரு தழும்பை விட்டுச் செல்கிறது. அடுத்த நஞ்சுக்கொடி அத்தழும்பின்மேல் பதிந்தால், அது சுவருக்குள்ளேயே வேரோடிப்போகலாம். பேற்றுக்குப் பின் அது பிரியாது. பிரிக்க முயன்றால் உதிரம் வெள்ளமாகப் பெருகும். கருப்பையையே அகற்ற நேரிடலாம்.

2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டிற்று. நஞ்சுக்கொடி கீழே பதிந்து அறுவைக்கு வந்த தாய்மாரில், முன்பு சிசேரியன் இல்லாத நூறு பேரில் 3 பேருக்கு அது வேரோடியிருந்தது. முன்பு ஒரு சிசேரியன் ஆகியிருந்தால் 11 பேருக்கும், இரண்டு ஆகியிருந்தால் 40 பேருக்கும், மூன்று ஆகியிருந்தால் 61 பேருக்கும் அவ்வாறு இருந்தது. இத்தகைய தாயின் பேறு, இரத்த வங்கியும் கைதேர்ந்த அறுவை மருத்துவரும் உள்ள பெரிய மருத்துவமனையில் முன்கூட்டியே நாள் குறித்து நடைபெற வேண்டும். அதை முடிவுசெய்ய வேண்டிய காலம் ஏழாம் மாதம். வளைகாப்புப் பந்தலில் நிற்கும் பெண்ணின் வயிற்றில் பழைய தழும்பு இருக்கிறதா, நஞ்சுக்கொடி அதன்மேல் இருக்கிறதா என்பதே அன்று கேட்க வேண்டிய முதற்கேள்வி.

ஏழு கேள்விகள்

பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் முன் இரு வீட்டாரும் அமர்ந்து இவற்றுக்கு விடை எழுதிக்கொள்ளலாம்.

1. முன்பு சிசேரியனோ கருப்பையில் வேறு அறுவையோ நடந்ததா? எத்தனை முறை?

2. முன்பு கருச்சிதைவு, கருப்பைச் சுத்தம், குழாய்க் கர்ப்பம் ஏதும் நேர்ந்ததா?

3. முந்திய கர்ப்பத்திலோ பேற்றுக்குப் பின்னரோ மிகுதியான உதிரம் போயிற்றா?

4. கடைசி ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருந்தது? அந்தத் தாள் கையில் உள்ளதா?

5. இரத்த அழுத்தம் கடைசியாக எவ்வளவு இருந்தது?

6. இரத்த வகை என்ன? ஆர்.எச். நெகட்டிவ்வா?

7. ஹீமோகுளோபின் அளவு என்ன?

ஆறாவது கேள்விக்கு ஒரு விளக்கம். ஆர்.எச். நெகட்டிவ் உள்ள தாய்க்குக் கர்ப்பத்தில் உதிரம் கண்டால், 'ஆன்டி-டி' ஊசி தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். தேவையாயின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தவறினால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து.

ஏழாவதற்கும் ஒன்று. இரத்தசோகை உதிரப்போக்கை உண்டாக்குவதில்லை. ஆனால் போக்கைத் தாங்கும் வலிமையைப் பறித்துவிடுகிறது. நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 கணக்கெடுப்புக் கூறுகிறது. ஒருத்தி தாங்கிக்கொள்ளும் இழப்பை இரத்தசோகையுள்ள இன்னொருத்தி தாங்கமாட்டாள். அரசு நலநிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போடும் வீடுகள் இதை நினைவில் கொள்ளட்டும்.

இரண்டாம் கேள்விக்கு விடைசொல்லச் சில பெண்கள் கூசுகிறார்கள். திருமணத்துக்கு முன்போ பின்போ நேர்ந்த ஒன்று கணவனுக்கும் மாமியாருக்கும் தெரியாதிருக்கலாம். அத்தகையோர் தாளில் எழுத வேண்டியதில்லை. மருத்துவரிடமோ செவிலியரிடமோ தனிமையில் சொன்னால் போதும். அவர்கள் கேட்பது தீர்ப்பிடுவதற்காக அன்று. பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டால் வருந்தி, கூட்டத்தில் எவரும் அறியாமல் பின்னால் வந்து ஆடையின் ஓரத்தைத் தொட்ட பெண்ணை நற்செய்தியில் காண்கிறோம். மறைந்து வந்தவளை ஆண்டவர் மகளே என்று அழைத்துச் சமாதானத்தோடு அனுப்பினார். உதிரம் வெட்கத்துக்குரியதன்று என்று நம் வீட்டுப் பெண்களுக்கு நாமும் சொல்லித்தர வேண்டும்.

உதிரம் கண்டால்

எந்த மாதமாயினும், எத்தனை துளியாயினும், மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஏழாம் மாதத்துக்குப் பின் என்றால் உடனே புறப்பட வேண்டும். விடியட்டும், கணவன் வரட்டும் என்று காத்திருத்தல் கூடாது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஊர்தி இலவசமாக வருகிறது. வலியில்லாவிடினும், உதிரம் நின்றுவிட்டாலும் புறப்படுங்கள். தாயை இடதுபுறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எத்தனை துணி நனைந்தது என்று கணக்கு வையுங்கள். நாட்டு மருந்து கொடுக்காதீர்கள். வீட்டில் யாரும் உள்ளே கைவைத்துப் பார்க்க விடாதீர்கள். இரத்தம் கொடுக்கக்கூடிய இருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். குறிப்பேட்டை மறவாதீர்கள்.

தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த தாடியஸ், மேய்ன் என்னும் இரு பெண்மணிகள் 1994இல் மூன்று தாமதங்களை எடுத்துரைத்தனர். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச்சேருவதில் தாமதம், போன இடத்தில் மருத்துவம் கிடைப்பதில் தாமதம். இரண்டாவதை ஊர்தியும் சாலையும் குறைத்துள்ளன. மூன்றாவது மருத்துவமனையின் பொறுப்பு. எனினும் நாம் கொண்டுசெல்லும் குறிப்பேடு அதையும் குறைக்கும். முதல் தாமதம் மட்டும் முற்றிலும் நம் வீட்டுத் திண்ணையில் நிகழ்வது.

2018-20ஆம் ஆண்டுகளுக்கான அரசுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 54 தாய்மார் இறந்தனர். இந்திய நாட்டளவில் 97 பேர். நாம் முன்னேறியிருக்கிறோம் என்று மகிழலாம். ஆனால் அந்த 54இல் ஒவ்வொருத்தியும் ஒரு வீட்டில் வளையல் அடுக்கி வழியனுப்பப்பட்டவளாக இருந்திருக்கலாம் அன்றோ?

ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்பு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016இல் தொடங்கப்பட்டது. நம் மருமகளையும் மகளையும் அங்கு அழைத்துச் செல்வோம். பங்கு இளைஞர்கள் தங்கள் இரத்த வகையை அறிந்து பட்டியல் வைத்திருந்தால், நள்ளிரவில் ஒரு தாய்க்கு அது பேருதவியாகும். அடுத்த வளைகாப்பில், வளையல் தட்டின்மேல் பூவும் பழமும் வைக்கும்போது அந்தச் சிறு அட்டையையும் வைத்து, பெண்ணின் தாயிடம் கையளியுங்கள். "இது எங்கள் மருமகளின் கதை, படித்து வைத்துக்கொள்ளுங்கள், சம்பந்தியம்மா" என்று சொல்லி அனுப்புங்கள்.